நிழல்மலையில் நாலில் ஒரு பங்கு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது பேய்க்கதைதான், ஆனால் இருட்டில் நடந்ததல்ல. பேய் இருட்டில்தான் வரும் என்று நினைப்பவர்களுக்கு உச்சிப்பொழுதைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாதவர்கள் இன்று தெரிந்துகொள்ளலாம்.

மராட்டியர் குதிரைகள் நர்மதையிலும் தண்ணீர் குடித்துக் காவிரியிலும் தண்ணீர் குடித்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில், மேற்கு மலைத் தொடரில், சாவலிகட் என்றொரு கோட்டை இருந்தது. சாவலி என்றால் அவர்கள் பாஷையில் நிழல். நாம் நிழல்மலை என்றே சொல்லிக்கொள்வோம், நாக்கு சுளுக்காமல் இருக்கும்.

அந்தக் கோட்டையைப் பிடித்தவன் பெயர் கோந்தாஜி. ஏர் பிடித்த கை அது. அவனிடம் ஒரு குதிரை இருந்தது, ஒரு கம்பளி இருந்தது, ஒரு துணிமூட்டையில் வறுத்த சோளம் இருந்தது. கூடாரம் கிடையாது, சமையல்காரன் கிடையாது, பல்லக்கு கிடையாது. குதிரைமேலேயே தின்றான், குதிரைமேலேயே தூங்கினான். யானையோடும் பீரங்கியோடும் வந்த பெரிய படைகள் இவனைத் தேடித் தேடிக் களைத்துப் போயின.

கோட்டையைப் பிடித்ததும் கோந்தாஜி ஒரு சட்டம் போட்டான். “உங்களுக்காக நாங்கள் குதிரை ஏறினால், உங்கள் விளைச்சலில் நாலில் ஒரு பங்கு எங்களுக்கு” என்று கீழே இருந்த ஊர்களுக்குச் சொல்லி அனுப்பினான். சிலருக்கு அது நியாயமாகத் தெரிந்தது, சிலருக்குக் கொள்ளையாகத் தெரிந்தது. ஆனால் எல்லாரும் கொடுத்தார்கள். வாங்கியதற்கு அவனும் குதிரை ஏறினான்.

அவன் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆபத்தான வேலை வந்தால், வெள்ளித் தட்டில் ஒரே ஒரு வெற்றிலைச் சுருளை வைத்து நடுச்சபையில் வைப்பார்கள். யார் எழுந்து அந்தச் சுருளை எடுக்கிறாரோ, வேலை அவருடையது. எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. முடித்துவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் வரவே கூடாது. கோந்தாஜி காலத்தில் தட்டு தரையைத் தொடும் முன்பே கைகள் பாயும். பாதி நாள் கோந்தாஜியின் கைதான் முதலில் போகும்.

அவனுக்குப் பிறகு மகன் ஹைபத்ராவ் வந்தான். அவன் திண்டு போட்ட ஆசனத்தில் உட்கார்ந்து, சுருளை எடுத்தவர்களுக்குத் தங்கக் காப்பு போட்டான். அவனுக்குப் பிறகு பேரன் சிதோஜி வந்தான். பாட்டன் எடுத்தான், மகன் எடுக்கச் சொன்னான், பேரன் யார் எடுப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சிதோஜியைக் கெட்டவன் என்று நான் சொல்ல மாட்டேன். மனைவியிடம் பிரியம் உண்டு, நாலு பிள்ளைகள்மேலும் உயிர். அவனுக்கு இருந்த ஒரே ஆசை பாட்டன் புகழைக் கேட்பது. காலையில் கேட்பான், சாப்பிடும்போது கேட்பான், சாய்ந்து படுத்தும் கேட்பான். தம்பட்டம் தட்டிப் பாடுகிறவர்கள் கோந்தாஜி எந்தப் பாறையில் எப்படி ஏறினான் என்று பாடுவார்கள். கோட்டையில் எல்லாருக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். பாறையில் ஏறத்தான் ஒருவருக்கும் தெரியாது.

ஒரு வருஷம் சமவெளி அரசன் படையோடு வந்து கணவாயை மறித்து உட்கார்ந்தான். உப்பு மூட்டை ஏற்றிய மாடுகள் மேலே வர முடியவில்லை. உப்பில்லாமல் எத்தனை நாள் தின்பது? சிதோஜி சபையைக் கூட்டினான். வெள்ளித் தட்டு நடுவே வந்தது. அதில் வெற்றிலைச் சுருள் இருந்தது.

ஒருவரும் எழவில்லை. ஒருவர் உத்தரத்தைப் பார்த்தார். ஒருவர் தன் மீசை நுனியைப் பார்க்க முயன்றார். ஒருவருக்கு அப்போதுதான் இருமல் வந்தது. சிதோஜி பெருமூச்சு விட்டான். பாட்டனை அவர்கள் ஆஜோபா என்பார்கள்.

“ஆஜோபா இருந்திருந்தால் இந்நேரம் எடுத்திருப்பார்” என்றான். “ஆஜோபா, நீங்கள்தான் வர வேண்டும்.”

ஏதோ பேச்சுக்குச் சொன்னதுதான். சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்தான். தட்டு காலியாக இருந்தது.

வாசற்படி ஓரத்தில், யாரோ மென்று துப்பியதுபோல், வெற்றிலைச் சாறு சிவப்பாகக் கிடந்தது. ஈரம் காயவில்லை. சபையில் ஒருவர் வாயிலும் வெற்றிலை இல்லை.

அப்போது சரியான உச்சிப்பொழுது. வெளியே கல் முற்றத்தில் நிழல்கள் போயின. குதிரைகளின் நிழல், சவாரிக்காரர்களின் நிழல், ஈட்டிகளின் நிழல். தலைக்கு நேரே சூரியன் நின்ற நேரத்தில் அவை சாயங்கால நிழல்போல் நீளமாகப் போயின. முற்றத்தில் குதிரை ஒன்றுகூட இல்லை. குளம்புச் சத்தமும் இல்லை, புழுதியும் இல்லை. வாயிற்காவலன் எழுந்து கதவைத் திறந்துவிட்டான். ஏன் திறந்தாய் என்று பின்னால் கேட்டபோது, “பெரியவர் போகும்போது திறக்காமல் இருக்க முடியுமா?” என்றான்.

மறுநாள் கணவாயில் ஒருவரும் இல்லை. சமவெளிப் படை அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு ஓடியிருந்தது. உப்பு மாடுகள் மேலே வந்தன. கோட்டையில் மூன்று நாள் கொண்டாட்டம்.

கொண்டாட்டம் முடிந்ததும் தானியக் குதிர்களைத் திறந்தார்கள். நாலில் ஒரு குதிரில் வெறும் உமிதான் இருந்தது. மேலே பூசிய சாணி உடையவில்லை, எலி வந்த தடமும் இல்லை. பூச்சி அரித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டார்கள். மனிதனுக்குக் காரணம் கிடைப்பதா கஷ்டம்?

அடுத்த வருஷம் அதே அரசன் ஆற்றுத் துறையைப் பிடித்தான். இந்த முறை சபையில் யாரும் உத்தரத்தைப் பார்க்கவில்லை, இருமவும் இல்லை. எல்லாரும் சிதோஜியைப் பார்த்தார்கள். சிதோஜி “ஆஜோபா” என்றான். சுருள் மறைந்தது, நிழல்கள் போயின, ஆற்றுத் துறை காலியானது. பிறகு தொழுவத்தில் நாலில் ஒரு மாட்டுக்குப் பால் நின்றது. மடி நிறைந்துதான் இருந்தது. கன்று வாயை வைக்கும், உடனே எடுத்துக்கொண்டு விலகி நிற்கும்.

மூன்றாம் முறை அந்த அரசன் மலையடிவாரத்துக்கே வந்தான். அப்போது கோட்டையில் வாள் துருப்பிடித்திருந்தது, குதிரை கொழுத்திருந்தது, கொல்லன் ஊஞ்சல் சங்கிலி அடித்துக்கொண்டிருந்தான். தட்டில் வைத்த வெற்றிலை வாடிப்போனது. அதில் பாக்குகூட வைக்கவில்லை. பெரியவருக்கு எதற்குப் பாக்கு, பல்லா இருக்கிறது என்று ஒருவர் சிரித்தார். அந்தச் சுருளும் மறைந்தது. அரசனும் ஓடினான்.

சில நாள் கழித்து, சிதோஜியின் மனைவி சகுணாபாய் தன் கடைசிப் பெண் மைனாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். காலை வெயில் முற்றத்தில் விழுந்திருந்தது. சகுணாபாய் தரையைப் பார்த்தாள். அவள் நிழல் இருந்தது. அவள் கையிலிருந்த சீப்பின் நிழலும் இருந்தது. சீப்பு வெறும் காற்றை வாரிக்கொண்டிருந்தது.

குழந்தையை எழுப்பி நிறுத்தினாள். இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். மைனாவுக்கு நிழல் இல்லை.

“பசிக்கிறதா, கண்ணே?”

“இல்லை, ஆயி.”

நேற்றும் பசிக்கவில்லை, அதற்கு முந்தின நாளும் பசிக்கவில்லை என்பது அப்போதுதான் அந்தத் தாய்க்கு உறைத்தது. ஆயி என்று கூப்பிடும்போது குழந்தையின் கண் தன்னைப் பார்க்கவில்லை என்பதும் தெரிந்தது.

சகுணாபாய் தெருவில் இறங்கி வீடு வீடாகப் பார்த்தாள். நாலு பேரில் ஒருவருக்கு நிழல் இல்லை. அவர்கள் அழவில்லை, சண்டை போடவில்லை, சோறு கேட்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கொல்லன் மனைவி அப்படி உட்கார்ந்தபடியே முந்தின நாள் இறந்துபோயிருந்தாள். கொல்லன் அவளிடம் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கே செய்தி வந்தது. சமவெளி அரசன் பெரும்படையோடு மறுபடி கணவாய்க்கு வந்துவிட்டான். சபை கூடியது. தட்டு வந்தது. சகுணாபாய் மைனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சபைக்குள் நுழைந்தாள். பெண்கள் அங்கே வருவதில்லை. ஒருவரும் தடுக்கவும் இல்லை.

சிதோஜி “ஆஜோபா” என்று தொடங்கினான். சகுணாபாய் குனிந்து தட்டின்மேல் கை வைத்தாள்.

அங்கே ஏற்கனவே ஒரு கை இருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. கிணற்றுக் கல்லைப்போல் குளிர்ந்திருந்தது. விரலடியில் கடிவாளம் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன தழும்பு அவள் உள்ளங்கையில் உரசியது. சகுணாபாய் கையை எடுக்கவில்லை.

“ஆஜோபா, என் பிள்ளையைக் கொடுங்கள்.”

பதில் சபை முழுவதும் கேட்டது. களைத்துப்போன கிழவனின் குரல் அது.

“நானாக வரவில்லை, மகளே. அழைத்தார்கள், வந்தேன். வேலை செய்தவன் நாலில் ஒன்று எடுப்பான். சட்டம் நான் போட்டதுதான்.”

“உங்களுக்கு எதற்கு? நீங்கள் தின்னவா போகிறீர்கள்?”

“தின்ன முடியாது. வைத்துக்கொள்ளவும் முடியாது. ஆனால் வாங்காமல் போகவும் முடியவில்லை. எங்களைத் தூங்க விடுங்கள்.”

“கொடுத்துவிட்டுத் தூங்குங்கள்.”

குரல் சொன்னது: “வீட்டில் ஆள் இல்லை என்று நினைத்துத்தான் வந்தோம். ஆள் இருக்கிறது என்று காட்டு. உயிரோடிருப்பவர்கள் போய்க் கணவாயை மீட்கட்டும். எடுத்ததையெல்லாம் வாசலில் வைத்துவிட்டுப் போகிறோம். ஆனால் இனி எங்களை அழைக்கக் கூடாது. அழைத்தால் அழைத்தவர்களிடமே பங்கு எடுப்போம்.”

குளிர்ந்த கை விலகியது. வெற்றிலைச் சுருள் சகுணாபாய் கையில் இருந்தது.

அவள் கணவனைப் பார்த்தாள். “நான் எடுத்துவிட்டேன். நீங்கள் வருகிறீர்களா?”

சிதோஜி எழப் பார்த்தான். உண்மையாகவே பார்த்தான். பிறகு திண்டில் சாய்ந்தான்.

“நானும் வந்துவிட்டால் ஆசனத்தை யார் பார்ப்பார்கள்?” என்றான்.

சகுணாபாய் மைனாவை அவன் மடியில் உட்கார வைத்தாள். “ஆசனத்தைப் பாருங்கள். இவளையும் பாருங்கள். யாரையும் அழைக்காதீர்கள்” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

வாயிற்காவலன் அவள் பின்னால் வந்தான். கொல்லன் சம்மட்டியோடு வந்தான். பாடுகிறவர்கள் தம்பட்டத்தை வைத்துவிட்டு வந்தார்கள். சபையில் இருந்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வெட்கப்பட்டு, ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கடைசியில் சபையில் மிஞ்சியது சிதோஜியும் மூன்று பிரபுக்களும், அவன் மடியில் நிழலில்லாத குழந்தையும்.

கணவாயில் என்ன நடந்தது தெரியுமா? சமவெளி அரசன் முட்டாள் இல்லை. மூன்று முறை நிழல்களிடம் ஓடியவன், நாலாம் முறை மந்திரவாதிகளோடு வந்திருந்தான். பாதையெல்லாம் ஆணி அடித்து, சாம்பல் தூவி, சிப்பாய் கையிலெல்லாம் எலுமிச்சம்பழம் கொடுத்திருந்தான். நிழலைச் சுட முடியுமா என்று துப்பாக்கிகளைக் கட்டி மூலையில் போட்டிருந்தார்கள். பேய்க்கு வேண்டிய ஏற்பாடு எல்லாம் இருந்தது. மனிதர்கள் வருவார்கள் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

மலைப்பாதையில் புழுதி எழுந்தது. சிப்பாய்கள் விழித்தார்கள். பேய்க்கு ஏது புழுதி? அவர்கள் யோசித்து முடிப்பதற்குள், கொழுத்த குதிரைகளும் துருப்பிடித்த வாள்களும் கொல்லன் சம்மட்டியும் அவர்கள்மேல் வந்து விழுந்தன. எலுமிச்சம்பழத்தைக் கீழே போட்டு வாளை உருவுவதற்குள் பாதிப் படை கலைந்துவிட்டது. வாயிற்காவலன் அங்கே செத்தான். சகுணாபாய்க்குத் தோளில் வெட்டு. ஆனாலும் கணவாய் அவர்கள் கைக்கு வந்தது.

எல்லாரும் கத்திக் கூத்தாடிக்கொண்டிருந்தபோது, சகுணாபாய் பாறையில் ஒன்றைப் பார்த்தாள். நீளமான குதிரை நிழல்கள் வந்து நின்றன. செய்ய ஒரு வேலையும் இல்லாமல் சற்று நேரம் நின்றன. பிறகு திரும்பிக் கோட்டைப் பக்கமாகப் போயின.

யாரோ அழைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. குதிரையை அடித்து விரட்டினாள்.

கோட்டை வாசலில் மைனா ஓடி வந்தாள். அவளுக்கு முன்னால் அவள் நிழலும் துள்ளிக்கொண்டு வந்தது.

“ஆயி, பசிக்கிறது. யாருமே சோறு போடவில்லை” என்று அழுதாள்.

சகுணாபாய் அந்த அழுகையைக் கேட்டுத் தானும் அழுதாள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் சண்டைச் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டது. மாடுகள் கத்தின. கொடுத்த வாக்கைப் பெரியவர் காப்பாற்றிவிட்டார்.

குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு சபைக்குப் போனாள். மூன்று பிரபுக்களும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். நடுவே வெள்ளித் தட்டு காலியாக இருந்தது, பக்கத்தில் புதிதாகக் கிள்ளிய வெற்றிலைக் காம்பு கிடந்தது. சிதோஜி ஆசனத்தில் உட்கார்ந்திருந்தான். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்திருந்தது. திண்டின் நிழல் தரையில் இருந்தது, ஆசனத்தின் நிழல் இருந்தது. அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் வெயில் தடையில்லாமல் விழுந்திருந்தது.

அழைத்தவர்கள் நாலு பேர். நாலில் ஒருவரை எடுத்துவிட்டார்கள்.

“உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்துவிட்டேன், சகுணா” என்றான் சிதோஜி. முகத்தில் சிரிப்பு இருந்தது. “அதனால் ஒரே ஒரு முறை ஆஜோபாவை அனுப்பினேன். உன்னைக் காப்பாற்றியது நான்தான்.”

சகுணாபாய் அவனைத் திட்ட வாயெடுத்தாள், முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“சாப்பிட்டீர்களா?” என்று கேட்டாள்.

“பசி இல்லை” என்றான் சிதோஜி. அவன் கண்கள் அவளுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த மாதமே அவன் போய்ச் சேர்ந்தான். பிறகு சகுணாபாய் கோட்டையை ஆண்டாள். ஆசனத்தில் உட்காரவில்லை, குதிரைமேல்தான் இருந்தாள். தலை நரைத்த பிறகும் சுருளை முதலில் எடுத்தது அவள் கைதான். அவள் இருந்தவரை நிழல்மலையில் யாரும் இறந்தவர்களை அழைக்கவில்லை.

அவளும் ஒருநாள் இறந்தாள். சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற அந்த மூன்று பிரபுக்களின் பிள்ளைகள் அதிகாரத்துக்கு வந்தார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள். தகப்பன்மார் சொன்ன கதையில் சுருள் தானாக மறைந்த பகுதியை மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்கள். ஆபத்து வந்தபோது தட்டை எடுத்து வைத்து, கோந்தாஜியின் பெயரோடு சகுணாபாயின் பெயரையும் சேர்த்து அழைத்தார்கள். அவளும் வந்தாள். வராமல் அவள் என்ன செய்வாள், பாவம்.

பங்கு போயிற்று. மிச்சத்தில் நாலில் ஒன்று போயிற்று. அந்த மிச்சத்திலும் நாலில் ஒன்று போயிற்று.

கடைசியில் கடல் கடந்து வந்த ஒரு புதுக் கூட்டம் துப்பாக்கிகளோடு மலையேறியது. கோட்டைக் கதவு திறந்தே கிடந்தது. ஒருவரும் தடுக்கவில்லை. உள்ளே சபை ஒழுங்காகக் கூடியிருந்தது. தலைப்பாகை கட்டி, வாள் செருகி, வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உச்சிப்பொழுதுக்கு இன்னும் நேரம் இருந்தது, ஜன்னல் எல்லாவற்றிலும் வெயில் வந்துகொண்டிருந்தது, தரையில் ஒரு மனித நிழல்கூட இல்லை. வந்தவர்கள் பயந்து நின்றார்கள். அப்போது உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில், “எங்கள் முன்னோர்கள் யார் தெரியுமா?” என்று கேட்டார்கள்.

பெரியோரே, பிள்ளைகளே, இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: உயிரோடிருப்பவன் செய்ய வேண்டிய வேலையை முன்னோர் புகழிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால், அதற்குக் கூலியாக அவன் தன் வாழ்வையே கொடுக்க வேண்டியிருக்கும்.